மூன்று விலைப்புள்ளிகள்

வியாழன், மதிய உணவுக்குப் பின்.
மின்சாரம் போய்விட்டது.
மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு
வரிசை வரிசையாகக் காட்டி நடக்கிறேன்
நாற்பத்தோராம் படத்தை:
"எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி."

அந்த வரி என்னுடையது.
ஜெனீவாவில் ஒரு நவம்பர் மாலை,
டிராம் கம்பியில் பனி உறைந்துகொண்டிருக்க,
"இயன்றவரை" என்ற சொல்லை அடித்துவிட்டேன்,
வரி ஒரே மூச்சில் முடியட்டும் என்று.

சன்னலுக்கு வெளியே மலாவி ஏரி.
கடல் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடலாம்.
உள்ளே இருபத்திரண்டு பேர்,
மடியில் ஒட்டுத்தாள்கள்:
மஞ்சளில் இடர், பச்சையில் விளைவு,
இளஞ்சிவப்பு எதற்கு என்பது எனக்கே மறந்துபோயிற்று.

கை தூக்கினாள் தவோங்கா ந்யிரெண்டா,
தீவு மருத்துவமனையின் கிடங்குப் பொறுப்பாளர்.
"எங்கள் தீவில் படகு கட்டுகிறவர் ஒருத்தர்தான், வைசன்.
மற்ற இரண்டு பேரை
நான் பெற்றெடுக்கவா?"

சிரிப்பு. நானும் சிரித்தேன்.
அதற்கென்றே ஒன்பதாம் எண் படிவம் உண்டு என்றேன்,
பூட்டு செய்த கையாலேயே
சாவியும் செய்துவைத்த பெருமையில்.

"அதையும் போட்டேன், முதல் மழைக்கு முன்னால்.
லிலோங்வே போனது. நைரோபி போனது.
உங்கள் ஊருக்கும் வந்தது.
திரும்பியபோது அதில் ஒரே ஒரு கேள்வி:
வேறு விற்பனையாளர்களை ஏன் தேடவில்லை?
அதற்குள் வடகரையில் காலரா.
உப்புக்கரைசல் பெட்டிகள் இந்தப் பக்கம்,
வயிறுகள் அந்தப் பக்கம்."

பிறகு அவள் சொன்னதை
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
வைசனின் மைத்துனர் ஆடு வளர்க்கிறவர்,
சுத்தியல் பிடித்தறியாதவர்;
அச்சடித்ததுபோல் ஒரு கையெழுத்தில்
விலை எழுதிக் கொடுத்தார்.
மூன்றாவதை எழுதியது வைசனின் மனைவி எஸ்தெலே.
கூட்டி எழுது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
அவளோ கணவனைவிட
இருபதாயிரம் குவாச்சா குறைத்து எழுதிவிட்டாள்.

"குறைந்த விலைக்குத்தானே கொடுக்கணும்?
நாற்பத்திரண்டாம் படம்."
ஒப்பந்தம் எஸ்தெலேக்குப் போனது.
எஸ்தெலே கணவனைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள்.
முப்பத்தோராம் நாள் படகு தண்ணீரில்.

இப்போது சிரிப்பில்லை.
கணக்காளர் லவ்மோர் ஒட்டுத்தாளை நான்காக மடித்தார்,
எட்டாக,
அதற்குமேல் அது மடியவில்லை.
முறைகேடு ஒன்று காதில் விழுந்தால்
மூன்று வேலைநாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்:
ஐம்பத்தெட்டாம் படம்.
நாங்கள் இன்னும் அதுவரை வரவில்லை.
ஆனால் அதை எழுதியவரும் நான்தான்.

தேநீர் இடைவேளை என்றேன்.
மணி இரண்டேகால்.

வெள்ளி மாலை மதிப்பீட்டுத் தாள்கள் வந்தன.
பெயர் எழுதத் தேவையில்லை என்றிருந்தும்
தவோங்கா எழுதியிருந்தாள்.
பயிற்சிக்கு ஐந்துக்கு மூன்று.
குறிப்பு: மீன் நன்றாக இருந்தது.
கேள்விக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் அந்தப் படகில்தான் தீவுக்குப் போகிறேன்.
கள ஆய்வு, திட்டத்திலேயே உள்ளது.
பக்கப்பலகையில் நீலச் சாயத்தில்
எஸ்தெலே தன் கையால் எழுதிய பெயர்;
என்ன பொருள் என்று கேட்டேன்.
"குறைந்த விலை" என்றாள் தவோங்கா,
முகத்தில் எதையும் காட்டாமல்.

பாதி வழியில் காலடி நனைந்தது.
மூன்றாம் பலகையின் இணைப்பில் கசிவு.
அந்த இருபதாயிரம் இங்கேதான் போயிருக்கும் போல.
யாரும் பதறவில்லை.
எஸ்தெலே பழைய வண்ணத் தகரம் ஒன்றை
என் பக்கம் காலால் தள்ளினாள்.
பின்னால் கயிற்றில் கட்டிய பெட்டிகள்,
நனையாமல் ஓர் ஆள் உயரத்துக்கு.

இறைக்கிறேன்.
வியாழனில் எண்ணத் தொடங்கினால் வெள்ளி ஒன்று,
திங்கள் இரண்டு.
சனிக்கிழமை
வேலைநாளில் சேராது.